நான் சீரியல் எல்லாம் பாக்கறதில்லைங்க

"வீட்டுல அம்மா போட்டு வச்சிருப்பாங்க, நமக்கு அப்படியே காதுல விழும்." சீரியல் பேச்சு வந்தால் நம்ம ஆண்கள் கொடுக்கும் வாக்குமூலம் பெரும்பாலும் இதுதான். ஆனால் அப்படிக் காதில் விழுந்தவருக்கு 'எதிர்நீச்சல்' சீரியலின் ஆதி குணசேகரனின் தம்பிகள் ஞானம், கதிர், சக்தி என்று வரிசையாகத் தெரியும். நான்கு மருமகள்களில் யார் யாருடைய மனைவி என்றும் தெரியும். 'சிறகடிக்க ஆசை'யில் ரோகிணி எதை மறைக்கிறாள், அது மாமியார் விஜயாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு மணி நேரம் பேசவும் முடியும். காது இவ்வளவு வேலை செய்யாதுங்க.

இந்தக் கூச்சம் தரத்தைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தி, ஒருத்தர் பேசுவதும் புரியாமல் முடிகிற செய்தி விவாதத்தைத் தினமும் பார்ப்பதாகச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. சீரியல் அடுப்படிக்காரர்கள் பார்ப்பது என்று முத்திரை விழுந்துவிட்டது. அதைப் பார்த்தால் நாமும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுவோமோ என்கிற பயம்தான் இது. சரி, பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தச் சரக்கு எப்படித் தயாராகிறது என்று பார்க்கலாம். கிண்டல் செய்கிறவர்கள்கூடக் கொஞ்சம் விவரமாகக் கிண்டல் செய்யலாம் அல்லவா.

முதல் விஷயம், சீரியல் கண்ணுக்காக எழுதப்படுவதில்லை. பாதிக் கவனத்தோடு இருக்கும் ஒருவருக்காக எழுதப்படுகிறது. பார்ப்பவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார், துணி மடித்துக்கொண்டிருப்பார், பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருப்பார். அதனால்தான் "என்ன மீனா, முத்து இன்னும் சவாரி முடிஞ்சு வரலையா?" என்கிற மாதிரி ஒரே வசனத்தில் பேசப்படுகிறவர் பெயர், புருஷன் பெயர், அவன் தொழில் மூன்றும் வந்து விழும். நிஜ வீட்டில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் நேற்று பார்க்காதவருக்கும் இன்று முதுகைக் காட்டி நிற்பவருக்கும் கதை புரிய வேறு வழி கிடையாது. வில்லிக்கென்று ஒரு பின்னணி இசையும் நாயகிக்கென்று இன்னொன்றும் இருப்பது இதற்காகத்தான். இசை மாறியதும் சமையல்கட்டில் இருப்பவர் கரண்டியோடு ஹாலுக்கு வந்துவிடுவார்.

எல்லோரும் சிரிக்கிற ரியாக்‌ஷன் ஷாட்டும் அப்படித்தான். ஒருவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டதும் ஹாலில் நிற்கும் ஆறு பேரின் முகத்தையும் கேமரா ஒரு சுற்று காட்டும். முகத்துக்கு மூன்று விநாடி என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்குப் பதினெட்டு விநாடி. ஒரு எபிசோடில் நான்கு சுற்று வந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் வசனமே எழுதாமல் நிரம்பிவிடும். தினமும் ஒரு எபிசோடுக்கான சரக்கு எடுத்தாக வேண்டிய யூனிட்டுக்கு இது பெரிய சேமிப்பு. இன்னொரு லாபமும் உண்டு. "டொம்" என்று சத்தம் கேட்டுத் திரும்புகிறவருக்கு, யாருக்கு இடி விழுந்தது, யார் உள்ளுக்குள் சிரிக்கிறார்கள் என்று அந்தப் பதினெட்டு விநாடியில் தெரிந்துவிடும்.

அரை மணி நேர ஸ்லாட்டில் கதைக்குக் கிடைப்பது எவ்வளவு? ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது விதி. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். டைட்டில் பாட்டு, நேற்றைய கதை, நாளைய காட்சி எல்லாம் போக மீதி இருபது நிமிடத்துக்குப் பக்கம்தான். அதற்குள் நாலைந்து காட்சிகள். ஒவ்வொரு விளம்பர இடைவெளிக்கு முன்பும் ஒரு சின்னக் கொக்கி, கடைசியில் ஒரு பெரிய கொக்கி. கதவு திறக்கும், உள்ளே யார் என்று தெரிவதற்கு முன் முகம் உறைந்துவிடும். மறுநாள் திறந்து பார்த்தால் பால்காரர்.

கொக்கி போடுவதில் கெட்டிக்காரர்கள் யாரென்று தெரியவேண்டும் என்றால் சிறகடிக்க ஆசையின் ரோகிணியைப் பாருங்கள். 2023இல் தொடங்கிய கதை. அவளுடைய பழைய வாழ்க்கையும் குழந்தையும் பார்வையாளருக்குத் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. "எப்போது மாட்டுவாள்" என்ற ஒரே கேள்வியை வைத்துப் பல நூறு எபிசோடுகள் ஓட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மயிரிழையில் தப்பிக்க வைக்க வேண்டும், ஆனால் நேற்று தப்பித்த மாதிரியே இன்றும் தப்பிக்கக் கூடாது. எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும்.

கதை திடீர் திடீரென்று திசை மாறுவதற்கு ரேட்டிங் காரணம். டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் வாரக் கணக்கு சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும், எண்கள் வியாழக்கிழமை வரும். வியாழனன்று எண் சரிந்தால் அன்று மாலையே கதை விவாதம் நடக்கும். ஆனால் கையில் ஏற்கெனவே எடுத்து முடித்த எபிசோடுகள் இருக்கும். அதைத்தான் 'பேங்க்' என்பார்கள். பேங்க் தீரும்வரை பழைய கதைதான் ஓடும். அதனால் மாற்றம் நம் கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நேற்றுவரை விஷம் கலக்கிய அத்தை இன்று மருமகளுக்குத் தலைவாரிவிட்டால், அத்தை திருந்தவில்லை, அந்த டிராக், அதாவது அந்தக் கதைப் பகுதி, எடுபடவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

பேங்க் குறைவாக இருக்கும்போதுதான் கூத்து. நாயகிக்குக் காய்ச்சல், அல்லது கால்ஷீட் தகராறு. இருக்கிற எபிசோடுகள் இரண்டே நாளில் கரைந்துவிடும். உடனே அவள் 'அம்மா வீட்டுக்குப் போயிருக்கா'. செல்போனில் இந்தப் பக்கம் மட்டும் பேச்சு நடக்கும், அந்தப் பக்கக் குரலே வராது. அதுவரை மூலையில் காபி கொடுத்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு ஒரு காதல் கதை முளைக்கும். ஆள் திரும்பவே மாட்டார் என்றால் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி. பாண்டியன் ஸ்டோர்ஸ் முல்லைக்கு மூன்று முகம் வந்தது. முதல் வாரம் திட்டுவோம், மூன்றாவது வாரம் பழைய முகம் ஞாபகத்தில் இருக்காது.

முகத்தை மாற்றுவதைவிடக் குரலை மாற்றுவது கஷ்டம். சீரியல்களில் பெரும்பாலும் உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை ப்ராம்ப்ட் செய்வார், நடிகர் கேட்டுச் சொல்வார், பிறகு டப்பிங். பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் கண் எங்கோ போகிறதே, அது பலமுறை நடிப்பு இல்லை, அடுத்த வரிக்கான காத்திருப்பு. கன்னடம், மலையாளம் பேசுகிற நாயகிகளுக்கு வேறொருவர் குரல் கொடுப்பது சகஜம். ஆனால் எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் "இந்தாம்மா ஏய்" அவருடைய தொண்டையிலிருந்தே வந்தது. 2023 செப்டம்பர் 8 அன்று அந்தத் தொடருக்கான டப்பிங்கின்போதுதான் அவருக்கு உடல்நிலை மோசமாகி, அன்றே இறந்தார். பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். நல்ல நடிகர், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த வீட்டின் பயம் முழுக்க ஒரு குரலில் இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. சீரியலே பார்க்காத ஆண்கள் அந்த வாரம் எவ்வளவு வருத்தப்பட்டார்கள் என்பதை முகநூல் பார்த்தது.

நீட்டித்தல் என்கிற நோய்க்கு வருவோம். மெட்டி ஒலி 2002 முதல் 2005 வரை 811 எபிசோடுகள், கோலங்கள் 2003 முதல் 2009 வரை 1533. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அப்பாவின் கதை 811ஐத் தாங்கும், ஏனென்றால் ஐந்து புகுந்த வீடுகள், ஐந்து வேறு சிக்கல்கள். 2020இல் படப்பிடிப்பு நின்றுபோன ஊரடங்கில் மெட்டி ஒலியை மறுபடி போட்டபோது ஜனம் உட்கார்ந்து பார்த்ததும் அதனால்தான். ஒரே சிக்கலை வைத்து ஆயிரம் தாண்ட நினைத்தால்தான் நினைவு தப்புதல், ஆள் கடத்தல், சிறைக்குள்ளிருந்து புது வில்லன் எல்லாம் வரும். மகா சங்கமம் என்று இரண்டு தொடர்களை ஒரு மணி நேரம் சேர்த்து ஓட்டுவதில் ஒரு வியாபாரக் கணக்கும் உண்டு. நன்றாக ஓடுகிற கதையின் ஆட்களைச் சுமாராக ஓடுகிற கதைக்கு அறிமுகப்படுத்துகிறார்கள்.

திருமண டிராக் ஏன் இரண்டு வாரம் இழுக்கிறது என்று கேட்பவர்களுக்கு: எல்லா நடிகர்களையும் ஒரே நேரத்தில் ஒரே மண்டபத்தில் சேர்ப்பது செலவு. சேர்த்த பிறகு மாலையிலிருந்து மெட்டிவரை ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால்தான் அந்தக் காசு திரும்பும். தாலி கழுத்துக்கு நான்கு விரல் தூரத்தில் மூன்று நாள் நிற்பது இதனால்தான்.

உண்மையிலேயே கேள்வி கேட்க வேண்டிய இடமும் இருக்கிறது. அறைந்த புருஷனுக்கு மறுநாள் தோசை சுடுகிற நாயகியைப் பொறுமைசாலி என்று இசை போட்டு உயர்த்துகிறார்களே, அதற்கு எந்த ரேட்டிங்கும் சமாதானம் ஆகாது. மாநிறப் பெண் வேடத்துக்கு வெளுத்த நடிகைக்கு மை பூசுவதும் அப்படித்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு ஜூம் ஷாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

புதிதாகப் பார்க்க நினைக்கிறவர்கள் முதல் எபிசோடைத் தேட வேண்டாம். இந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பியுங்கள், வியாழனுக்குள் உறவுமுறை எல்லாம் வசனத்திலேயே வந்துவிடும். மொபைல் ஆப்பில் பார்த்தால் டைட்டிலையும் நேற்றைய கதையையும் தள்ளிவிடலாம். நேரமில்லாத வாரத்தில் திங்களும் சனியும் போதும், நடுவில் நடந்ததை அடுத்த திங்கட்கிழமை யாராவது ஒருவர் அழுதுகொண்டே சொல்லிவிடுவார். கடத்தல் டிராக் தொடங்கினால் மட்டும் மூன்று வாரம் விடுமுறை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ஆள் பத்திரமாக வீட்டில் இருப்பார், கடத்தியது யார் என்பதை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.