ஏ1 முடித்தவுடன் ஜெர்மனியில் செவிலியர் பணியா?

"வேலூரில் மூன்று மாதம் ஜெர்மன் மொழியின் ஏ1 வகுப்பு படித்தாலே ஜெர்மன் மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்துவிடலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின் ஆறு படிகளில் ஏ1 முதற்படி மட்டுமே. செவிலியர் தகுதிக்கு முழு அங்கீகாரம் பெற, அங்கே பொதுவாக நான்காம் படியான பி2 கேட்கிறார்கள். ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே நிறுவனத்தின் கணக்குப்படி, ஏ1 முடிக்க 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரையும், தொடக்கத்திலிருந்து பி2-ஐ எட்ட 600 முதல் 800 வரையும் தேவைப்படும்.

அதற்காக ஏ1 வீண் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, விலையும் நேரமும் கேட்பது, எளிய படிவத்தை நிரப்புவது, எதிரில் இருப்பவர் நிதானமாகப் பேசினால் பதில் சொல்வது ஆகியவை நாள்தோறும் பயின்றால் மூன்று மாதத்தில் உண்மையாகவே கைகூடும். ஆனால் வலியால் துடிக்கும் நோயாளி வேகமாகச் சொல்வதைப் புரிந்துகொண்டு மருத்துவரிடம் பிசகின்றித் தெரிவிப்பதற்கு அது போதவே போதாது. காட்பாடியிலும் குடியாத்தத்திலும் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: பணம் கட்டுமுன், பி2 வரை வகுப்பு நடத்துவார்களா, தேர்வுக் கட்டணம் அதில் அடங்குமா என்பதை எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.