"பொம்பளைக்கு யாருப்பா ஓட்டு போடுவா?"

எந்தக் கட்சியில சீட்டு பிரிச்சாலும் யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியைப் போட்டுடுறார், அதோட பேச்சு முடிஞ்சிடுது. பழி பூரா வாக்காளர் தலையில. எனக்கென்னவோ இதுல பாதிதான் உண்மை, மீதி பாதி கட்சிக்காரங்களோட சவுகரியம்னு தோணுது.

உண்மையான பாதியை முதல்ல சொல்லிடுறேன். மேற்கு வங்கத்துல 1998 தேர்தல்லேருந்து ஊராட்சித் தலைவர் பதவியில மூணுல ஒண்ணு பெண்களுக்குன்னு வந்துச்சு, எந்த ஊராட்சிங்கறது குலுக்கல் சீட்டு மாதிரி மாறி மாறி விழும். எஸ்தர் டுஃப்லோ (2019ல நோபல் வாங்கினாங்களே, அவங்கதான்) இன்னும் சில பொருளாதார நிபுணர்களோட சேர்ந்து அந்த ஊர்கள்ல ஒரு காரியம் பண்ணாங்க. தலைவர் பேசுற மாதிரி ஒரு பேச்சை ரெக்கார்ட் பண்ணி, ஒரு வார்த்தை கூட மாத்தாம, சில பேருக்கு ஆம்பளக் குரல்ல, சில பேருக்குப் பொம்பளக் குரல்ல போட்டுக் காட்டி, இந்தத் தலைவர் எப்படின்னு கேட்டாங்க. பெண் தலைவரையே பாத்திராத ஊர் ஆம்பளைங்க பொம்பளக் குரலுக்கு மட்டும் மார்க்கைக் குறைச்சிட்டாங்க. அதே பேச்சு, அதே வார்த்தை, குரல் மட்டும்தான் வேற! (பிரிட்டன் பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சர் ஏன் ஆள் வச்சுப் பயிற்சி எடுத்துத் தன் குரலைக் கனமாக்கிக்கிட்டாங்கன்னு இப்பப் புரியுதா.)

இன்னும் கடுப்பேத்துறது தண்ணி விஷயம். பல மாநிலங்கள்ல எடுத்த இன்னொரு ஆய்வுல, பெண் தலைவர் இருந்த ஊர்கள்ல குடிதண்ணி வசதி கூடுதலா இருந்துச்சு, தரமும் குறையல, லஞ்சம் கூட கம்மின்னு வந்துச்சு. ஆனா ஜனங்ககிட்ட திருப்தியா இருக்கீங்களான்னு கேட்டா அந்த ஊர்கள்லதான் திருப்தி குறைச்சல். குழாய்ல தண்ணி வருது, பிடிச்சிக் குடிக்கிறோம், அதைக் கொண்டு வந்தவங்க மேல மட்டும் குறை.

சரி, அப்ப கட்சிக்காரர் சொல்றது சரிதானேன்னு நினைப்பீங்க. இங்கதான் விஷயமே இருக்கு. ஒதுக்கீட்டால ஒரு பெண்ணைத் தலைவரா பாத்துப் பழகின ஊர்கள்ல, ஆம்பளைங்க மார்க்ல இருந்த அந்த வித்தியாசம் காணாமப் போயிடுச்சு. தொடர்ந்து ரெண்டு தேர்தல் பெண்ணுக்கு ஒதுக்கின இடங்கள்ல அதுக்கப்புறம் பெண்கள் அதிகமா நின்னாங்க, அதிகமா ஜெயிக்கவும் செஞ்சாங்க. இதுல எனக்குப் பிடிச்ச சமாச்சாரம், தலைவர்னா ஆம்பள இருந்தா நல்லாருக்கும்ங்கற ஆசை அந்த ஜனங்ககிட்ட அப்படியேதான் இருந்துச்சாம், அது மாறல. பிடிக்கிறது வேற, வேலை தெரியும்னு ஒத்துக்கறது வேற. பிடிக்கவே வேணாம்ங்க, கணக்கை நேர்மையா போட்டாப் போதும்.

உடனே ஒருத்தர் வருவார், "இலங்கையில சிறிமாவோ 1960லயே பிரதமர், இங்க இந்திரா 1966ல, பாகிஸ்தான்ல பெனாசிர் 1988ல, நம்ம பக்கம்தான் உலகத்துக்கே முன்னோடி"ன்னு. யோவ், ஜனங்க அங்க முதல்ல பாத்தது யாரோட மனைவி, யாரோட மகள்ங்கறதை. குடும்பப் பேர் இல்லாத பெண்ணுக்கு எவ்வளவு இடம் கிடைச்சுதுன்னு பாருங்க. 2024 மக்களவையில 543 பேர்ல பெண்கள் 74, அதுலயும் குடும்பப் பேரோட வந்தவங்களைக் கழிச்சா என்ன மிஞ்சும்னு நீங்களே யோசிங்க.

வாக்காளர் காதுல விஷத்தை ஊத்துறதும் பல நேரம் மேல இருக்கறவங்கதான். ஆஸ்திரேலியாவுல பின்னாடி பிரதமரான ஜூலியா கில்லார்ட் வீட்டு சமையலறையை 2005ல போட்டோ எடுத்துப் போட்டு, பழக்கூடை காலியா இருக்குன்னு ஒரு பேச்சு, 2007ல ஒரு செனட்டர் அவங்க வேணும்னே பிள்ளை பெத்துக்காதவங்கன்னு பேசினார். எந்த ஆம்பள அரசியல்வாதி வீட்டுப் பழக்கூடையை எவன் எட்டிப் பாத்தான்? நியூசிலாந்துல ஜசிந்தா ஆர்டெர்ன் 2017ல கட்சித் தலைவர் ஆன சில மணி நேரத்துலயே டிவியில குழந்தை பெத்துக்கற ஐடியா இருக்கான்னு கேட்டாங்க. அவங்க பிரதமராகி, பதவியில இருக்கும்போதே 2018ல குழந்தையும் பெத்து, 2020 தேர்தல்ல தனிப் பெரும்பான்மையோட ஜெயிச்சாங்க. அந்த ஊர்ல இப்ப இருக்கற தேர்தல் முறை 1996ல வந்ததுலேருந்து எந்தக் கட்சியும் அப்படித் தனியா ஜெயிச்சதில்ல. கேள்வி கேட்டவங்களுக்கு இருந்த சந்தேகம் ஓட்டு போட்டவங்களுக்கு இல்லையே!

அதனால ஜெயிக்கவே முடியாத தொகுதியைப் பாத்துப் பெண்ணுக்குக் குடுத்துட்டு, தோத்ததும் "அப்பவே சொன்னேன்ல"ன்னு சொல்றதை முதல்ல நிறுத்துங்க. அப்புறம் இந்த சுழற்சி முறை. ஒரே தேர்தலோட ஒதுக்கீட்டை வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போறதுல எனக்குச் சுத்தமா உடன்பாடு இல்ல, ஏன்னா முதல்ல வர்ற பெண்தான் எல்லாத் திட்டையும் வாங்கறா, ஜனங்க கண்ணு பழகுற நேரத்துல அந்த இடம் பொதுவாயிடுது. குறைஞ்சது ரெண்டு தடவையாவது ஒரே இடத்துல விடணும்.