ஜூலை வந்தால் எங்கள் கிளப்புக்கு மறதி வந்துவிடும்

இன்னும் சில வாரங்களில் பதவியேற்பு விருந்து. பினாங்கில் ரோட்டரி, லயன்ஸ் சேவைக் கிளப்புகளுக்கு ஜூலை 1 ஆனால் புதுத் தலைவர், புதுச் செயலவை. ஹோட்டலில் மேசை பிடிப்பார்கள். பழைய தலைவர் பதக்கச் சங்கிலியைக் கழற்றிப் புதியவர் கழுத்தில் போடுவார், நாங்கள் கைதட்டுவோம். அதுவரைக்கும் நல்லதுதான். நம் சங்கங்கள் சிலவற்றில் ஒரே மனிதர் இருபது வருடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காததைப் பார்த்து வளர்ந்தவன் நான். வருடத்துக்கு ஒரு தலைவர் என்ற விதி அந்த வியாதிக்குச் சரியான மருந்து. அதன் பக்கவிளைவைத்தான் யாரும் பேசுவதில்லை.

புதுத் தலைவருக்குப் புதுத் திட்டம் வேண்டும். போன வருடத்து வேலையைத் தொடர்ந்தால் தன் பெயர் எங்கே வரும்? ஆக, ஒரு வருடம் மரம் நடுவோம். அடுத்த வருடம் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது, ஏனென்றால் அந்த வருடம் சக்கர நாற்காலி. நடுவில் தீபாவளி ஹேம்பர். அரிசி, எண்ணெய், முறுக்கு மாவு, கூடவே ஒரு பெரிய அட்டைக் காசோலை. ஒய்பி, அதாவது தொகுதி மக்கள் பிரதிநிதி, வரத் தாமதமாகும். பையை வாங்க வந்த பாட்டிகள் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பார்கள். அவர் வந்ததும் ஒவ்வொரு பாட்டியும் பையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க வேண்டும். படம் சரியாக விழவில்லை என்று ஒரு பாட்டியை அரிசிப் பையோடு மறுபடி மேடையேறச் சொன்னதையும் பார்த்திருக்கிறேன். இது எனக்குப் பிடிக்கவில்லை என்று கூட்டத்தில் சொன்னேன். பலன், படமெடுக்கும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் கிளப் செய்ததிலேயே உருப்படியான காரியம் யாரும் படமெடுக்காத ஒன்று. ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலை டியூஷன். மடக்கு மேசைகள், ஒரு வெள்ளைப் பலகை, அவ்வளவுதான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தொடங்கியது. எங்களைவிட வயதில் மூத்தவர், எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் திடீரென்று பெரும்பாலான பாடங்கள் மலாயில். மலாய் பழகப் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகிறவர்களும் தடுமாறுகிறார்கள். 2013 முதல், ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழுக்கு மலாய் மட்டுமல்ல, வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். கணிதத்தில் ஏ வாங்கிவிட்டு செஜாரா என்கிற வரலாற்றுப் பாடத்தில் கோட்டை விட்டால் சான்றிதழே கையில் இல்லை. ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வும் மூன்றாம் படிவ பிடி3 தேர்வும் நிறுத்தப்பட்ட பிறகு, பிள்ளை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது ஐந்தாம் படிவத்தில்தான் சில வீடுகளில் தெரிய வருகிறது.

ஒரு நாள் மூன்றாம் படிவப் பையன் ஒருவன் செஜாரா பாடப்புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தான். டீச்சர் புத்தகத்தை மூடினார். "என்னய்யா படிச்ச? தமிழ்லயே சொல்லு" என்றார். பையன் விழித்தான். அப்புறம் டீச்சரே ஆரம்பித்தார். கெடா சுல்தானுக்கு சயாமைக் கண்டு பயம், ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் பாதுகாப்பு தருவதாகப் பேசினார், 1786இல் பினாங்குத் தீவு கைமாறியது, பாதுகாப்புதான் வரவில்லை. "அப்ப ஏமாத்திட்டானா?" என்றான் பையன். "அதைத்தான் இப்ப மலாயில எழுது." அரைப் பக்கம் எழுதினான். ஏகப்பட்ட பிழை, ஆனால் அவன் சொந்த வாக்கியங்கள்.

ஜூலை வந்தது. புதுச் செயலவைக்கு டியூஷன் "பழைய ப்ராஜெக்ட்" ஆகிவிட்டது. ஃபோட்டோஸ்டாட் செலவுக்கு ஒதுக்கிய காசு நின்றது. டீச்சர் யாரிடமும் சண்டை போடவில்லை, சொந்தக் காசில் நடத்திக்கொண்டிருக்கிறார்.

வருடா வருடம் தலைவர் மாறினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்கிறவர்கள் ரோட்டரியின் போலியோ வேலையைப் பார்க்கட்டும். அங்கேயும் ஜூலை 1 என்றால் புது உலகத் தலைவர்தான். ஆனால் 1985இல் எடுத்துக்கொண்ட போலியோ ஒழிப்பை ஒருவரும் கைவிடவில்லை. இன்று இயற்கையான போலியோ கிருமி ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் மட்டுமே வேரோடு மிஞ்சியிருக்கிறது. அப்படியும் விட்டுவிட முடியாது. 27 ஆண்டுகளாக போலியோ இல்லாதிருந்த நம் மலேசியாவில், 2019 டிசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தைக்கு வந்தது. லயன்ஸும் அப்படித்தான். 1925இல் ஹெலன் கெல்லர் மேடையேறிக் கேட்டுக்கொண்டதற்காகப் பார்வையற்றோருக்கான வேலையை எடுத்தார்கள், இன்றுவரை செய்கிறார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலை எந்தத் தலைவராவது "அது போன வருடத் திட்டம்" என்று விடுவாரா? தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் பந்தல் இல்லையென்றால் அவர் வீட்டிலேயே சோறு கிடைக்காது. தொடர்ந்து செய்ய நமக்குத் தெரியாமல் இல்லை.

ரத்த தானமும் இதே மாதிரிதான். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். சேமித்த ரத்தமோ சுமார் ஒன்றரை மாதம்கூடத் தாங்குவதில்லை. வருடத்துக்கு ஒரு பிரமாண்ட முகாம் நடத்திப் படம் போடுவதைவிட, பண்டிகை விடுமுறையில் ரத்த வங்கி காற்றாடும் சமயம் பார்த்துச் சின்னச் சின்ன முகாமாக நடத்துவது மேல். அதற்கும் மூன்று வருட நாட்காட்டி வேண்டும்.

புதுசாக ஏதாவது செய்தால்தான் இளைஞர்கள் வருவார்கள், ஸ்பான்சர் கிடைக்கும் என்று ஒரு வாதம். ஸ்பான்சர் விஷயத்தில் உண்மை இருக்கிறது. இளைஞர்கள்? டியூஷனுக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் ஒருவர்கூட பேனரைக் கேட்டதில்லை.

நான் கேட்பது, பட்ஜெட்டில் பாதியை மூன்று வருடத் திட்டங்களுக்கென்று பொதுக்கூட்டத்திலேயே பூட்டிவிடுங்கள். மீதிப் பாதியில் தலைவர் தன் ஆசைப்படி செய்துகொள்ளட்டும்.

இந்த முறை தலைவராகப் போகிறவர் எனக்கு வேண்டியவர். இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணே, டியூஷனுக்குப் புதுப் பேரு வச்சுக்கலாமா?" என்றார். தாராளமாக வையுங்கள், பேனரும் அடியுங்கள், ஃபோட்டோஸ்டாட் காசை மட்டும் திரும்பத் தாருங்கள் என்றேன். பார்க்கலாம்.

அதற்கிடையில், சனிக்கிழமை காலையில் மலாய் சொல்லிக்கொடுக்க ஒருவர் தேவை. கிளப் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. இன்பாக்ஸில் வாருங்கள், டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.