சாவிப் பலகை

வேலூர் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் என் அக்கா வீட்டார் பதினாறு அறை லாட்ஜ் ஒன்றை நடத்துகிறார்கள். அக்கா மகள் பிளஸ் டூ. பன்னாட்டு உறவுகள் படிக்க வேண்டும், அதையும் வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். போன மாதம் சென்னையில் ஓர் ஆலோசனை மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் மதிப்பெண்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "படிப்பைத் தவிர வேறு என்ன செய்கிறாய்?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை சார். சாயங்காலம் லாட்ஜில் உட்காருவேன்" என்றாள்.

மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாகப் பேசிப் பழகும் மாதிரி ஐ.நா. சபைகள் மூன்றுக்காவது போய்ச் சான்றிதழ் வாங்கு, ஒரு தொண்டு அமைப்பு தொடங்கு, அதற்கு இணையதளம் வை என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார். பட்டியலுக்குக் கட்டணம் தனி. திரும்பும் ரயிலில் அரக்கோணம் தாண்டியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவர்மீது பாதி, இவள்மீது பாதி. ஒன்றும் இல்லையாமே!

ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாலை ஆறு முதல் எட்டரை வரை அந்த மேசையில் இருக்கிறாள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களில் வங்காளம் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைப் பெயர்ப் பலகைகளே சொல்லும். "கொத்தோ தின் தாக்பேன்?" (எத்தனை நாள் தங்குவீர்கள்?) என்று அவள் கேட்டதும், காட்பாடியில் இறங்கியதிலிருந்து இறுகிக் கிடந்த முகங்கள் தளர்வதை நானே பார்த்திருக்கிறேன். "ஜோல்" என்று தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் கொல்கத்தாப் பக்கம், "பானி" என்றால் பெரும்பாலும் டாக்காப் பக்கம் என்பது அவள் கணக்கு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணையத்தில் ஏற்ற வேண்டிய 'சி' படிவத்தை நிரப்பியவளும் அவள்தான். மருத்துவ விசாவில் வருகிற நோயாளியோடு உதவியாளர் விசாவில் இரண்டு பேர் வரை வரலாம் என்பதை, மூன்றாவது ஆளாக மைத்துனரை வரவழைக்க நினைத்த ஒரு பெரியவருக்கு அவள் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு வயது பதினைந்து.

2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா டாக்காவை விட்டுப் புறப்பட்டு இந்தியாவுக்கு வந்தார். அதன் பிறகு வங்கதேசத்தவருக்கு இந்தியா விசா கொடுப்பதை வெகுவாகச் சுருக்கியது. மேசைக்குப் பின்னால் சாவிகள் மாட்டும் பலகை ஒன்று உண்டு. அறைக்கு ஆள் வந்தால் ஆணி காலி, ஆள் இல்லையென்றால் சாவி தொங்கும். அந்த மழைக்காலத்தில் பதினோரு சாவிகள் சேர்ந்தாற்போலத் தொங்கின. எதிர்ச் சந்தில் மீன் குழம்பும் சோறும் விற்றவர் அடுப்பைப் பாதியாக்கிக்கொண்டார். இவள் பழைய பதிவேடுகளை எடுத்து, மாதவாரியாக வங்கதேசத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதியிருக்கிறாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. அப்பாவிடம் கணக்குக் கேட்டுத் திட்டும் வாங்கியிருக்கிறாள். பன்னாட்டு உறவு என்றால் இதைத் தவிர வேறென்ன என்று எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் 200-க்கு எத்தனை கட்-ஆஃப் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். டில்லி ஜே.என்.யு.வில் முதுகலைக்குப் போனாலும் நுழைவுத்தேர்வு மதிப்பெண்தான். சாவிப் பலகையை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான் இடம், இடைவெளியும் சேர்த்து. செயல்பாட்டு வகைகளின் பட்டியலிலேயே குடும்பப் பொறுப்பு என்றும், சம்பள வேலை என்றும் தனித்தனியாக இருக்கின்றன. கட்டணம் வாங்கியவர் இதைச் சொல்லவே இல்லை! பிரிட்டன் வேறு மாதிரி. அங்கே 4,000 எழுத்துகளுக்குள் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். மூன்றுமே இந்தப் பாடத்தைச் சுற்றித்தான்: ஏன் இதைப் படிக்க வேண்டும், படித்த படிப்பு எப்படித் தயார்ப்படுத்தியது, வெளியே என்ன செய்தாய். கால்பந்துக் கோப்பையை அங்கே தூக்கிக் காட்டி அதிகப் பயன் இல்லை.

மாதிரி ஐ.நா. சபையை நான் குறை சொல்லவில்லை. கூச்சம் உள்ள பிள்ளை எழுந்து நின்று பேசப் பழகும், ஒன்றுக்குப் போய்வரட்டும். ஆனால் இரண்டு நாள் கோட் போட்டுக்கொண்டு நார்வேயின் பிரதிநிதியாகப் பேசுவதற்குக் கட்டும் பணத்தில், பாலாற்றங்கரைக்குப் பத்து முறை போய்வரலாம். அங்கே கண்டியின் கடைசி மன்னனுக்கு முத்துமண்டபம் இருக்கிறது. ஆங்கிலேயர் அவனை நம் கோட்டையில்தான் சிறை வைத்திருந்தார்கள், 1832-இல் இறந்தான். ஆற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைக் கழிவுகள்மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற உலக அரங்கின் கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்திலும் அடங்கும் என்று சொன்ன தீர்ப்பு அது. ஸ்டாக்ஹோம், ரியோ சுற்றுச்சூழல் மாநாடுகளெல்லாம் அதில் வருகின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இவள் படித்துவிட்டு, "மாமா, நம் ஊர்த் தண்ணீர் வழியாகவா இது உள்ளே வந்தது?" என்று கேட்டாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் தோற்றேன். வங்கதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து மகனைக் கூட்டிவந்து நான்கு மாதம் தங்கிய ஓர் அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுது, படிப்பவர்கள் கலங்கிவிடுவார்கள் என்றேன். "அது அவர்களுடைய கதை மாமா, நான் போட்டியில் ஜெயிக்க அதை எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஆலோசனை மையத்துக்காரரைத் திட்டிய வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று ராத்திரி அந்த 150 எழுத்துகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று படிவம் கேட்டது. 15 என்று போட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டாயே" என்றாள்.