குறும்படம் போடாத தொடர்கள்

எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் டிஆர்பி பட்டியல் வியாழக்கிழமை வெளியானதும் நண்பர்கள் சிலர் ஒவ்வொரு முறையும் திகைத்துப் போகிறார்கள். பிக்பாஸ் ஓடுகிற மாதங்களில் அவர்களுடைய முகநூலில் வேறு பேச்சே இருப்பதில்லை. அப்படியிருக்க, பட்டியலின் மேல்வரிசையில் கயல், சிங்கப்பெண்ணே, மூன்று முடிச்சு மாதிரியான சன் டிவி சீரியல்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று கேட்கிறார்கள். சீரியலையெல்லாம் இன்னும் யார் பார்க்கிறார்கள் என்பது அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஏளனம். எங்கள் பெரியம்மா பார்க்கிறார். அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதைக் கவனித்தால் இந்தப் பட்டியலின் சூட்சுமம் பாதி விளங்கிவிடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. அவற்றில், டிஆர்பியைக் கணக்கிடும் பார்க் (BARC) நிறுவனத்தின் அளவுக்கருவி பொருத்தப்பட்டவை சுமார் 58,000 என்று ஒன்றிய அரசே 2025இல் குறிப்பிட்டது. அதாவது ஏறத்தாழ நாலாயிரம் வீடுகளுக்காக ஒரு வீடு பதில் சொல்கிறது. (இவ்வளவு சிறிய மாதிரி என்பதால்தான் சில வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் கணக்கைத் திரிக்கலாம் என்ற புகார் 2020இல் மும்பையில் காவல்துறை வழக்கானது, செய்திச் சேனல்களின் டிஆர்பி அந்த அக்டோபரில் நிறுத்தப்பட்டு 2022 மார்ச்சில்தான் திரும்பியது.) நிகழ்ச்சியின் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்திருக்கும், அதைக் கொண்டு எந்தச் சேனல் ஓடுகிறது என்று கருவி கண்டுகொள்ளும். வீட்டில் ஆளுக்கொரு பொத்தான் உண்டு, பார்க்க உட்காரும்போது அவரவர் பொத்தானை அவரவர் அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு அவர் கண்கொட்டாமல் பார்த்தாரா, பாதியில் கண்ணயர்ந்தாரா என்பது கருவிக்குத் தெரியாது. நிமிடங்கள் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

இப்போது பெரியம்மாவிடம் வருகிறேன். அவர் வீட்டில் அந்தக் கருவி இல்லை என்றாலும், இருந்தால் அதற்கு அவரைவிடப் பிடித்தமான ஆள் கிடைக்காது. மாலை ஆறு மணிக்குப் பெட்டியைப் போட்டுவிட்டு முருங்கைக்கீரையும் முறமுமாகத் தரையில் உட்கார்வார். பார்வை கீரையில்தான் இருக்கும். வசனத்தைக் காதில் வாங்கிக்கொண்டே உருவிக்கொண்டிருப்பவர், பின்னணி இசை 'டட்டடாங்' என்று மூன்று முறை அதிரும்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். அதே முகத்தை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டுவதை நாம் கேலி செய்கிறோம். முதல் அதிர்வில் கையை நிறுத்தி, இரண்டாவதில் தலையைத் தூக்கி, மூன்றாவதில் திரையைப் பார்க்கிற ஒருவருக்கு அந்த மூன்றும் தேவைப்படுகின்றன என்பதை அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் புரிந்துகொண்டேன். நேற்று நடந்ததை இன்று இரண்டு பாத்திரங்கள் மறுபடி பேசித் தீர்ப்பதும், நேற்று அடுக்களையில் இருந்தவருக்குச் செய்கிற உபகாரமே.

பிக்பாஸை அப்படிப் பார்க்க முடியாது. யார் யாரைப் பார்த்து முகம் சுளித்தார் என்பதில்தான் அதன் சுவை இருக்கிறது என்பதால், அதற்குக் கண் வேண்டும், கீரையை ஓரமாக வைக்க வேண்டும். 2017 ஜூன் 25 அன்று கமல்ஹாசன் நடத்த விஜய் டிவியில் அது தொடங்கியபோது, ஒரு வீட்டுக்குள் ஆட்களைப் பூட்டிவைத்து வேடிக்கை பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன். அந்த முதல் பருவத்திலேயே, ஒருவர் சொன்னது பொய் என்று காட்ட, நடந்த காட்சியையே அவர் முன்னால் ஓடவிட்டுக் கமல் அதற்குக் 'குறும்படம்' என்று பெயர் வைத்தார். இன்று அலுவலகச் சண்டையிலும் கணவன் மனைவி வாக்குவாதத்திலும் "குறும்படம் போடவா?" என்று கேட்கும் அளவுக்கு அந்தச் சொல் ஊருக்குள் வந்துவிட்டது.

இதற்கு ஏன் இத்தனை வரவேற்பு என்று யோசித்தால், சீரியல் இருபது ஆண்டுகளாக நமக்குத் தர மறுத்ததை அது தந்தது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சீரியலின் எஞ்சினே பார்ப்பவருக்குத் தெரிந்த உண்மை நாயகனுக்குத் தெரியாமல் இருப்பதுதான். மருந்தை மாற்றி வைத்தவள் யார், கடிதத்தை ஒளித்தவர் யார் என்பதெல்லாம் நமக்கு முதல் வாரமே தெரியும். கதவோரம் நின்று ஒட்டுக்கேட்ட வேலைக்காரப் பெண்ணுக்கும் தெரியும். சொல்லப் போகும் நேரத்தில் அவள் மயங்கி விழுவாள், அல்லது அவளுடைய கைப்பேசி கிணற்றில் விழும். உண்மை வெளியே வர முந்நூறு எபிசோடு ஆகும். பிக்பாஸிலோ செவ்வாய்க்கிழமை புறம் பேசியவருக்குச் சனிக்கிழமை இரவு விசாரணை, அடுத்த நாள் எலிமினேஷன். நியாயம் ஒரு வாரத்தில் கிடைத்துவிடுகிறது.

உடனே, அது உண்மை, இது கதை என்று பிரித்துவிடுவார்கள். நான் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டேன். நாள் முழுக்கப் பல கேமராக்கள் பதிவு செய்வதிலிருந்து ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் செய்வதும் திரைக்கதை வேலைதான். ஒருவருடைய பெருமூச்சை எந்தக் காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டுவது என்பதை வைத்தே அவரை வில்லனாக்கலாம். உண்மையான வித்தியாசம் வேறொன்று. சீரியலில் ஒருவர் போனால் 'இவருக்குப் பதில் இவர்' என்று அட்டை போட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடலாம், பிக்பாஸில் அது நடக்காது. சீரியலுக்குள்ளும் சிலருக்கு அது நடக்காது என்பதைச் சன் டிவியின் எதிர்நீச்சல் தொடர் காட்டியது. ஆதி குணசேகரனாக 'ஏய் இந்தாம்மா' என்று மிரட்டிக்கொண்டிருந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்த பிறகு, அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்து குறைவைக்காமல் நடித்தும், மீம்களில் பழைய குரலே ஒலித்தது.

சரி, வாராவாரம் நியாயம் கிடைக்கிற நிகழ்ச்சி ஏன் சீரியலுக்குப் பின்னால் நிற்கிறது? ஒரு காரணம் எளிது: அதைப் பார்ப்பவர்களில் பலர் கைப்பேசியில் பார்க்கிறார்கள், டிஆர்பி எண்ணுவது தொலைக்காட்சிப் பெட்டியை. ஆனால் பெரிய காரணம், அந்தக் கணக்கு ஆவலை அளப்பதில்லை, ஆள் எத்தனை நிமிடம் இருந்தார் என்பதை அளக்கிறது என்பதுதான். ஆவல் தீர்ந்தால் ஆள் எழுந்துவிடுவார். வழக்கம் தீர்வதில்லை. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது சன் டிவி மெட்டி ஒலியை மறுபடி போட்டது. யார் எந்த வீட்டுக்கு மருமகளாகிறாள் என்பது 2002 முதல் 2005 வரை பார்த்த அத்தனை பேருக்கும் மனப்பாடம். தெரிந்தும் பார்த்தார்கள். பெரியம்மா அதை உறவுக்காரர்கள் ஊரிலிருந்து வந்ததைப் போலக் கொண்டாடினார்.

எனவே சேனல்காரர்களைத் திட்டிப் பயனில்லை. கதையை இழுப்பதற்குத்தான் அந்த எண் கூலி கொடுக்கிறது, எழுதுகிறவரும் இழுக்கிறார். எனக்கு எரிச்சல், அந்தக் கூலிக்காக ஒரு பெண் பாத்திரம் மாதக்கணக்கில் அறை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்க வேண்டியிருக்கிறதே என்பதில்தான். இதைப் பெரியம்மாவிடம் சொன்னால், "வாயத் தொறந்துட்டா அப்புறம் கதை ஏது?" என்பார்.

போன மாதம் அவர் பார்க்கும் ஒரு தொடரில் ஒருவழியாக அந்த உண்மை வெளியே வந்தது. அன்றைக்குப் பார்த்துப் பிரதோஷம், அவர் கோயிலில் இருந்தார். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே பக்கத்து வீட்டு அக்காவிடம் என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் சொல்லிவிட்டாள், ஆனால் அவன் நம்பவில்லை என்றார் அந்த அக்கா.

"நம்பலையா? நல்லவேளை" என்றபடி உள்ளே வந்தார் பெரியம்மா.