இறுதி 4 ஓவர்கள்

இருபது20 உலகக் கிண்ணத்தைத் துடுப்பாட்டப் பலமே தீர்மானிக்கிறது என்று அண்மையில் எழுதிய கட்டுரையாளரின் கருத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. 2012 இல் நமது கொழும்பு கெத்தாராம மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில், முதல் 10 ஓவர்களில் 32 ஓட்டங்களையே பெற்றிருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணியை 137 வரை உயர்த்தியது சாமுவேல்ஸின் 78 ஓட்டங்கள்தாம் என்பது உண்மை; ஆனால் (கொழும்பில் இன்றும் பலருக்கு ஆறாத வடு அது) இலங்கையை 101 ஓட்டங்களுக்குள் சுருட்டியது 9 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளைச் சாய்த்த சுனில் நரைனின் சுழலே.

2014 இல் பங்களாதேஷின் மிர்பூரில் நடந்த இறுதிப் போட்டியில் இந்தியாவை வீழ்த்தி நாம் கிண்ணம் வென்றபோதும், இந்தியாவின் கோலி 77 ஓட்டங்களைக் குவித்திருந்தும், நமது பந்துவீச்சாளர்கள் வீசிய இறுதி 4 ஓவர்களில் இந்தியா 19 ஓட்டங்களை மட்டுமே பெற்றது. சங்கக்காரவின் அரைச் சதம் அதன் பின்னர் வந்ததுதான்.