கண்டி ஏரிக்கரையும் பாலாற்றங்கரையும்

நான் வேலூர்க்காரன். எங்கள் கோட்டைக்குள் கண்டி மகால் என்று ஒரு கட்டடம் உண்டு. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் உண்டு. சின்ன வயதில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "அதோ பார், கண்டி ராஜா சமாதி" என்பார் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்துவிடும். எந்த ராஜா, எதை விட்டுவிட்டு இங்கே வந்தார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

போன மாதம் நானும் மனைவியும் கண்டிக்குப் போனோம். முதல் நாள் வண்டி ஏற்பாடு செய்து சுற்றினோம். மசாலாத் தோட்டத்தில் ஒரு மணி நேரம், ரத்தினக் கல் கடையில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் துணிக்கடை. ஏரிக்கு வந்தபோது "பத்து நிமிஷம் சார், ஃபோட்டோ எடுத்துக்கோங்க" என்றார்கள். அந்த ஊரே ஏரியைச் சுற்றித்தான் இருக்கிறது. அதற்குப் பத்து நிமிடம். எனக்கு மனசே ஆறவில்லை. மறுநாள் வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கண்டிக்குப் போகிற எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரு முழு நாளை ஏரிக்குக் கொடுங்கள். நடந்து சுற்றுங்கள்.

விடியற்காலை ஐந்தரை மணிப் பூஜைக்குத் தலதா மாளிகைக்குப் போய்விட்டோம். புத்தரின் புனிதப் பல் இருக்கிற கோயில். வாசலில் நம்மையும் பையையும் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். 1998 ஜனவரி 25-ஆம் தேதி புலிகள் இந்த வாசலில் லாரி வெடிகுண்டு வைத்தார்கள். கும்பிட வந்த மக்களும் செத்தார்கள். யார் செய்தாலும், எதற்காகச் செய்தாலும், கோயிலில் செய்தது தவறு. தமிழன் என்ற முறையில் அந்த வாசலில் நின்றபோது எனக்கு அது வலித்தது.

உள்ளே மேளம் அதிர்கிறது. கூடவே ஹொரணை என்று ஒரு வாத்தியம். கேட்டால் நம் ஊர் நாயனத்தின் தங்கை மாதிரி இருக்கும். வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பாட்டி எங்களுக்கு முன்னால் நின்றார். கையில் ஊதா நிற அல்லிப் பூக்கள். வரிசை நகரும்வரை அந்தப் பூவின் வெளி இதழ்களை ஒவ்வொன்றாக விரலால் மடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். சன்னிதிக்கு வந்ததும் பூவைக் கண்ணில் ஒற்றி மேடையில் வைத்தார். சாதாரண நாளில் பல்லைப் பார்க்க முடியாது, பேழையைத்தான் காட்டுவார்கள், அதுவும் சில நொடிகள். பாட்டிக்கு அது போதுமாக இருந்தது. எங்களுக்கும்தான்.

வெளியே வந்தால் எதிரே பத்தினி தேவாலயம். சிங்கள மக்கள் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுகிற அந்த அம்மன் வேறு யாருமில்லை, நம்ம கண்ணகிதான். "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்" சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு வந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மதுரையை எரித்தவளுக்கு மதுரையில் பெரிதாக ஒரு கோயில் இல்லை. இங்கே தினமும் விளக்கு எரிகிறது. என் மனைவி அங்கிருந்து நகர மனமில்லாமல் வெகுநேரம் நின்றாள்.

சரி, ஏரிக்கு வருகிறேன்.

மாளிகையை ஒட்டி ஏரிக்கரையில் போகிற தாழ்ந்த வெள்ளைச் சுவருக்கு வலாகுலு பம்ம என்று பெயர். மேகச் சுவர் என்று அர்த்தம். மேகம் சுருண்டு நிற்கிற மாதிரி மேல் விளிம்பை வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். சுவர் முழுக்க முக்கோணமாகச் சின்னச் சின்ன மாடங்கள். திருவிழா நாளில் விளக்கு வைப்பதற்காம். ஒரு மாடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே பாசி, ஈரம். ஓர் அகல்விளக்கு கச்சிதமாக உட்காரும். ஏரியின் இந்தப் பக்கத்தோடு சுவர் நின்றுபோகிறது. கட்டி முடிப்பதற்குள் ராஜாவுக்கு நாடே போய்விட்டது.

அவர்தான் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரையிலிருந்து போன நாயக்கர் வம்சம். 1739 முதல் நான்கு நாயக்கர்கள் கண்டியை ஆண்டார்கள். கடைசி ஆள் இவர், 1798-இல் பட்டத்துக்கு வந்தார். இன்றைக்குக் கண்டி என்றதும் படத்தில் வருகிற எண்கோண மண்டபம் இவர் கட்டியது. ஏரியும் இவர் வெட்டியது. அங்கே வயல்வெளி இருந்தது. அதன் குறுக்கே அணை போட்டு 1807-இல் வேலையைத் தொடங்கினார். பாற்கடல் என்ற பொருளில் கிரி முகுத என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எல்லாவற்றையும் வடிவமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி.

இதையெல்லாம் முதல் நாள் வழிகாட்டி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "கொடுங்கோல் ராஜா, ஏரி வெட்டினார், வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு போனான்." நம் பக்கம் முகநூலில் பார்த்தால் நேர் எதிர். "இலங்கையின் கடைசித் தமிழ் மன்னன்" என்று மாலை போட்ட படம், கீழே கைகூப்பல். இரண்டும் பாதிக் கதை.

கொடுமை நடந்தது உண்மை. ஏரி வேலைக்கு ஜனங்களைக் கூலியில்லாமல் பிடித்துப் போட்டார்கள். 1814-இல், வெள்ளைக்காரன் பக்கம் போய்விட்ட எஹெலப்பொல என்ற பிரதானியின் மனைவியையும் பிள்ளைகளையும் ராஜா கொன்றார். வாளைப் பார்த்து அண்ணன் தயங்கியபோது, தம்பி மத்தும பண்டார முன்னால் வந்து நின்றான் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். சின்னப் பையன். அதை மறைத்துவிட்டு ராஜாவுக்கு மாலை போட என்னால் முடியாது.

அதே சமயம், பிரதானிகளோடு ரகசியமாகக் கடிதம் பேசிப் பிளவை வளர்த்தது ஆங்கிலேயன் ஜான் டொய்லி. 1815 பிப்ரவரியில் ராஜாவைப் பிடித்தார்கள். மார்ச் 2-ஆம் தேதி, மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கிற மகுல் மடுவ என்ற தர்பார் மண்டபத்தில், கண்டியை வெள்ளைக்காரனிடம் ஒப்படைக்கிற ஒப்பந்தத்தை வாசித்தார்கள். அந்த மண்டபம் இன்றும் நிற்கிறது. தூணில் உள்ள மரவேலையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ராஜாவின் ஆண் உறவினர் யாரும் இனி இந்த நாட்டில் கால் வைக்கக் கூடாது என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. ஏரி நடுவில் உள்ள குட்டித்தீவில் ராஜா கட்டிய மண்டபத்தை வெள்ளைக்காரன் வெடிமருந்துக் கிடங்காக ஆக்கினான். ராஜாவின் சிம்மாசனத்தை இங்கிலாந்துக்குத் தூக்கிப் போய் 1934-இல்தான் திருப்பிக் கொடுத்தான்.

ஏரியைச் சுற்றினால் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மர நிழலிலேயே நடக்கலாம். எங்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது, ஏனென்றால் எங்கே பார்த்தாலும் நின்றோம். நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கரையோரம் முதலைக்குட்டி என்று நினைத்து நான் பின்வாங்கிய ஒன்று, பெரிய உடும்பு. தென்கரையில் மல்வத்தை விகாரை. 1753-இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த துறவற தீட்சையை இந்த விகாரையில் மறுபடி தொடங்கிவைத்தவரும் ஒரு நாயக்க ராஜாதான், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். சைவராகப் பிறந்து பௌத்தத்தைத் தூக்கி நிறுத்தியவர். இந்த ஊரில் யாருடையது எது என்று கோடு கிழித்துப் பிரிக்கவே முடியாது. அதனால்தான் எனக்கு இந்த ஊர் இவ்வளவு பிடித்துப்போனது.

சாயங்காலம் ஓர் ஆட்டோ பிடித்து ஆர்தர்ஸ் சீட் என்கிற மேட்டுக்குப் போனோம். அங்கிருந்து ஏரி முழுசாகத் தெரியும். ஆட்டோ ஓட்டிய தம்பி மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. ஊர் எது என்று கேட்டார். வேலூர் என்றேன். அவருக்கு ஆஸ்பத்திரிதான் தெரிந்திருந்தது.

"இந்த ஏரிய வெட்டுன ராஜா எங்க ஊர்லதான் தம்பி அடக்கம்" என்றேன்.

"மெய்யாவா அண்ணே? அவர லண்டனுக்குக் கொண்டு போய்ட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

வேலூர்க் கோட்டையில் குடும்பத்தோடு பதினாறு வருஷம் சிறை வைத்திருந்ததையும், 1832 ஜனவரி 30-ஆம் தேதி அங்கேயே இறந்ததையும் சொன்னேன். போனில் முத்து மண்டபத்தின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். அவர் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கல்லறையைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். அப்புறம் படத்தின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

"பக்கத்துல ஆறா அண்ணே?"

"ஆமா, பாலாறு."

"பேரு நல்லாருக்கே. தண்ணி எவ்வளவு ஓடும்?"

கீழே பாற்கடலில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. 2021-இல் வெள்ளம் வந்தது தம்பி, பாலம் தொட்டு ஓடுச்சு என்று மட்டும் சொன்னேன். மற்ற நாளெல்லாம் அங்கே மணல்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.